காற்றோடு போன பாட்டும் காதோடு நின்ற பாட்டும்

சென்ற சனிக்கிழமை பதுளையில் அலுவலை முடித்துக்கொண்டு ஹாலிஎலைக்குத் திரும்பும் பேருந்தில் ஏறினேன். உடன் வந்தவன் என் பேரன். உயர்தர வகுப்பில் படிக்கும் பிள்ளை. ஆசனத்தில் அமர்ந்ததும் இரு காதுகளிலும் இரு சிறு கருவிகளைச் செருகிக்கொண்டு கண்களை மூடிக்கொண்டான். வெளியே மலைச் சரிவெங்கும் மழை இறங்கிக்கொண்டிருந்தது. பேருந்தின் இரைச்சலோ, நடத்துநரின் குரலோ, பக்கத்தில் ஒரு பாட்டனார் இருக்கிறார் என்பதோ அவன் நினைவில் இருந்ததாகத் தோன்றவில்லை.

"என்ன பாட்டு, தம்பி?" என்று தோளைத் தொட்டுக் கேட்டேன்.

"யப்பான் பாட்டு, தாத்தா. உங்களுக்குப் பிடிக்காது" என்றான்.

கேளாத பாட்டைப் பிடிக்காது என்று எனக்காக முடிவு கட்டும் உரிமையை நான் எவருக்கும் கொடுத்ததில்லை. "ஒரு காதுக்குக் கொடு, கேட்டுவிட்டுச் சொல்கிறேன்" என்றேன். கொடுத்தான்.

பியானோவின் மெல்லிய ஒலியோடு தொடங்கிய அப்பாட்டு, போகப் போக உயர்ந்து, இறுதியில் ஒரு மனிதன் வானத்தைப் பார்த்துக் கதறுவதைப்போல விரிந்தது. பல்லவியில் வந்த சில ஆங்கிலச் சொற்களைத் தவிர வேறொன்றும் எனக்கு விளங்கவில்லை. ஆயினும், பாடுகிறவன் எதையோ பறிகொடுத்தவன் என்பது மட்டும் நன்றாக விளங்கிற்று. பாட்டின் பெயர் 'எண்ட்லெஸ் ரெயின்'. அதாவது முடிவிலா மழை. 1989ஆம் ஆண்டில் 'எக்ஸ்' என்னும் யப்பானியக் குழுவினர் வெளியிட்டதாம். பேரன் பிறப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முந்திய பாட்டு!

பிறகு அவன் அக்குழுவினரின் படத்தைக் காட்டினான். தீச்சுடர் போல நிமிர்ந்து நிற்கும் தலைமயிர், அதற்குச் சிவப்பும் மஞ்சளுமான சாயம், முகத்தில் அரிதாரம், கண்ணுக்கு மை, உதட்டுக்குச் செம்மை, ஆணோ பெண்ணோ என்று மயங்கவைக்கும் உடை. நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பிள்ளையின் முகம் சுருங்கிற்று.

"கேலி செய்யவில்லையப்பா. நம் தோட்டத்துக் காமன் கூத்து நினைவுக்கு வந்தது" என்றேன்.

உண்மையும் அதுதான். மாசி மாதத்தில் காமன் கம்பம் நட்டு, இரவிரவாகத் தப்பு முழங்க, கொழுந்துச் சாக்குச் சுமந்த தோளுடைய வாலிபன் ஒருவன் முகத்தில் அரிதாரம் பூசிச் சேலை கட்டி இரதியாக வந்து, எரிந்துபோன மன்மதனை நினைத்து அழும்போது, லயத்துப் பெண்கள் எல்லாரும் உடன் அழுததை நான் சிறு வயதில் கண்டிருக்கிறேன். அவன் பகலில் மலைவெட்டும் ஆள் என்பது எல்லாருக்கும் தெரியும். எனினும் அந்த அரிதாரம் பொய் என்று யாரும் சொன்னதில்லை. துயரத்தை நாலு பேர் முன்னிலையில் கொட்டுவதற்கு மனிதனுக்குச் சில வேளைகளில் ஒரு வேடம் வேண்டியிருக்கிறது.

யப்பானியருக்கும் இது புதிதன்று. 1603ஆம் ஆண்டளவில் ஓக்குனி என்னும் பெண்மணி தொடங்கிவைத்த 'கபுக்கி' என்னும் ஆடல்நாடகத்தில், பிற்காலத்தில் பெண்கள் மேடையேறுவதற்குத் தடை வந்தபோது, ஆண்களே பெண் வேடம் புனைந்து நடித்தனர். அம்மரபு இன்றளவும் நிலைத்திருக்கிறது. அந்நாட்டு வாலிபர்கள் மின்கிட்டாரை எடுத்தபோதும் முகத்துக்கு அரிதாரம் பூசிக்கொண்டதில் வியப்பென்ன? அவ்வகை இசையை 'விஷுவல் கெய்' என்கிறார்கள். காட்சிக்கு முதன்மை தரும் வழி என்று பொருள் கொள்ளலாம்.

ஆனால், நான் இன்று எழுத வந்தது வேடத்தைப் பற்றியன்று. ஒரு காலத்துப் பாட்டு எவ்வாறு அடுத்த காலத்துக்கு வந்து சேருகிறது என்பதைப் பற்றி. அதற்கு அந்த யப்பானியர் கதையே நல்ல முன்னுரையாக அமைகிறது.

1961இல் சக்கமோட்டோ கியூ என்னும் இளைஞர் ஒரு பாட்டுப் பாடினார். கண்ணீர் சிந்திவிடாமல் இருக்கும்பொருட்டு மேலே பார்த்தபடி நடந்து செல்லும் ஒருவனைப் பற்றிய பாட்டு அது. 1963இல் அது அமெரிக்க நாட்டில் விற்பனையில் முதலிடத்தைப் பிடித்தது. யப்பானிய மொழியிலேயே பாடப்பட்ட பாட்டு! மேலைநாட்டார் அதற்குச் 'சுக்கியாக்கி' என்று பெயரிட்டனர். அது ஓர் இறைச்சிக் கறியின் பெயர். பாட்டுக்கும் கறிக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. பெயரைத் தவறாக வைத்தாலும் பாட்டை அவர்கள் தவறாகக் கேட்கவில்லை.

1966இல் பீட்டில்ஸ் குழுவினர் தோக்கியோவுக்கு வந்து பாடிச் சென்றனர். யப்பானில் நகரந்தோறும் இளைஞர்கள் மின்கிட்டாரைத் தூக்கினர். பெரியவர்கள் நெற்றியைச் சுருக்கினர். அது போக்கிரிகளின் வாத்தியம் என்றனர். இளைஞர்களுக்குள்ளேயே வேறொரு விவாதம் எழுந்தது. 'ரொக்' இசையை யப்பானிய மொழியில் பாட முடியுமா, அல்லது ஆங்கிலத்தில்தான் பாட வேண்டுமா என்பதே அது. 1970இல் 'ஹப்பி எண்ட்' என்னும் குழுவினர் தங்கள் முதல் இசைத்தொகுப்பைத் தாய்மொழியிலேயே பாடி வெளியிட்டனர். வாதம் சிறிது காலம் நடந்தது, பாட்டு வென்றது. பின்னர் வந்த 'எக்ஸ்' குழுவின் யொஷிக்கி என்னும் இளைஞர், பெரிய நிறுவனங்களின் வாசலில் காத்துக் கிடக்காமல், 1986இல் தாமே ஓர் இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கினார். அக்குழுவின் முதல் இசைத்தொகுப்பு 1988இல் அதன் வாயிலாகவே வெளிவந்தது.

தாய்மொழியில் பாட வெட்கப்படாமை ஒன்று. பாடியதைத் தாமே பதிந்து வைத்தமை இரண்டு. இவ்விரண்டும் இல்லாதிருந்தால் அந்த மழைப் பாட்டு இத்தனை ஆண்டுகளைக் கடந்து, பதுளை வீதியில் ஒரு பிள்ளையின் காதுக்கு வந்து சேர்ந்திருக்குமா?

இப்பொழுது நம் வீட்டுக் கதைக்கு வருவோம்.

நம் நாட்டில் துள்ளிசைக்கு அடித்தளம் இட்டது 'பைலா'. ஆடல் என்னும் பொருளுடைய போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. போர்த்துக்கேயரோடும், அவர்களுடன் வந்த ஆபிரிக்க மக்களோடும் இத்தீவில் இறங்கிய தாளம், கரையோரங்களில் தங்கி, நம் மண்ணின் பாட்டாகிவிட்டது. பொலிஸ் சேவையில் இருந்த வொலி பஸ்தியன் அதனை மேடைக்கும் இசைத்தட்டுக்கும் கொண்டுவந்தார். 1960களில் மின்கிட்டாரைச் சிங்களப் பாட்டுக்குள் அழைத்து வந்தவர்களில் தலையாயவர் கிளரன்ஸ் விஜேவர்தன. 'மூன்ஸ்டோன்ஸ்' குழுவின் உயிர்நாடி அவரே. அவர் 1943இல் பிறந்தது எங்கே தெரியுமா? நம் ஊவா மலையில், அப்புத்தளையில்! ஹாலிஎலையில் நிற்கும் அதே புகைவண்டிதான் அப்புத்தளையிலும் நிற்கிறது.

தமிழில் அத்துணிவு வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் பிறந்தது. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம் 1960களின் பிற்பகுதியில் 'சின்ன மாமியே' என்ற பாட்டைக் கிட்டாருடன் பாடினார். அதற்கு முன்பு, மெல்லிசை என்றால் தமிழகத் திரைப்படத்திலிருந்து வரவேண்டும் என்றே நாம் எண்ணியிருந்தோம். நம் வீட்டில் பேசும் தமிழ், நம் ஊர்ச் சங்கதி, நம் நாட்டுத் தாளம் ஆகிய மூன்றும் ஒரு பாட்டுக்குள் வந்தபோது, வானொலிப் பெட்டிக்குள்ளே நம் அயலவர் ஒருவர் புகுந்து உட்கார்ந்துகொண்டதுபோல் இருந்தது. திருகோணமலையிலிருந்து பரமேஷ், கோணேஷ் சகோதரர்கள் பாடினார்கள். ஏ. ஈ. மனோகரன் மேடையேறினால் அமர்ந்திருந்தவர்கள் எழுந்துவிடுவார்கள். மீன் கொண்டுவருகிறவனின் குரலாக அவர் பாடிய 'சுராங்கனி', சிங்களமும் தமிழும் கைகோத்த பாட்டு. 1977இல் 'அவர் எனக்கே சொந்தம்' என்ற தமிழகத் திரைப்படத்திலும் அது புகுந்தது. கொடுக்கும் தமிழகமும் வாங்கும் இலங்கையுமாக இருந்த வழக்கம் ஒருமுறை தலைகீழாயிற்று. மனோகரன் 2018இல் சென்னையில் காலமானார். ஆனால் திருமண வீடுகளில் அப்பாட்டுக்கு இன்னும் வயதாகவில்லை.

அக்காலத்தில் பெரியவர்கள் இவற்றை ஏற்றார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். "இதுவும் ஒரு பாட்டா?" என்று என் தகப்பனார் வானொலியைத் திருகி மூடிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. ஆகையால்தான், பேரனின் யப்பானியப் பாட்டைக் கேட்டு முகஞ்சுளிக்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு தலைமுறை தள்ளிவைத்த பாட்டை அடுத்த தலைமுறை பொக்கிஷமாகப் போற்றுவதை நான் ஒரே ஆயுளில் பார்த்துவிட்டேன்.

எனினும், இப்பாட்டுகளைப் போற்றும்போதெல்லாம் என் நெஞ்சில் ஒரு முள் தைக்கும். வானொலியில் துள்ளிசை கொடிகட்டிப் பறந்த அதே 1973, 1974ஆம் ஆண்டுகளில், நம் தோட்டங்களில் பஞ்சம் தலைவிரித்தாடியது. அரிசியும் மாவும் கிட்டாமல் பட்டினிச் சாவுகள் நேர்ந்தன. அந்தப் பசியை எந்தத் துள்ளிசையும் பாடவில்லை. பாடியவர்களைக் குறை சொல்லவில்லை. அவர்கள் கண்ட உலகத்தை அவர்கள் பாடினார்கள். நம் உலகத்தை நம்மவர் பாடிக்கொண்டுதான் இருந்தார்கள். கொழுந்து மலையிலும், தொட்டில் அருகிலும், சாவு வீட்டிலும் பாடினார்கள். ஆனால் அங்கே ஒலிவாங்கி இல்லை.

நம்மவருள் அதனை உணர்ந்தவர்கள் இல்லாமற் போகவில்லை. கோதண்டராம நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மை, தொழிலாளர் துயரத்தைப் பாட்டாக்கித் தோட்டத்து மக்களிடையே பாடினார். அப்பாட்டுகளை அச்சிட்டும் பரப்பினார். மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்த ஸி. வி. வேலுப்பிள்ளை, மக்கள் வாயில் வழங்கிய பாட்டுகளைத் தேடித் திரட்டினார். அவர் 1984இல் மறைவதற்கு முன்பே அவை நூலுருவம் பெற்றன. அவர் குறித்து வைத்தவை நமக்குக் கிடைத்தன. குறிக்கப்படாதவை?

இங்கே நான் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். இதுவரை இதை என் பிள்ளைகளிடங்கூடச் சொன்னதில்லை.

என் அத்தை, தகப்பனாரின் தமக்கையார், எழுதப் படிக்கத் தெரியாதவர், கொழுந்து பறிப்பவர். ஒப்பாரி வைப்பதில் அவருக்கு நிகர் எங்கள் பிரிவில் எவருமில்லை. இறந்தவருடைய ஊர், உறவு, உழைப்பு, பட்ட கடன் எல்லாவற்றையும் அடுக்கி, அவர் பாடும்போதே புனைந்து பாடுவார். 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியா ஏற்பதென்றும், மூன்று இலட்சம் பேரை இலங்கை ஏற்பதென்றும் இரு அரசுகளும் கணக்கெழுதின அல்லவா? அந்தக் கணக்கில் அத்தையின் குடும்பம் அந்தப் பக்கம் விழுந்தது. எங்கள் குடும்பம் இந்தப் பக்கம் விழுந்தது. 1981இல் அவர்களுக்குப் பயணச் சீட்டு வந்தது.

அப்பொழுதுதான் திறந்த பொருளாதாரத்தின் பயனாய் யப்பானிய ஒலிப்பதிவுக் கருவிகள் நம் லயங்களுக்கும் வரத் தொடங்கியிருந்தன. சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தில் நானும் ஒன்று வாங்கியிருந்தேன். புறப்படுவதற்கு முன்னிரவு அத்தை எங்கள் காம்பராவின் வாசற்படியில் உட்கார்ந்து பாடினார். செத்தவருக்காக அல்ல, விட்டுப் போகும் மலைக்காக. தாம் நட்ட மரங்களை, தம் குழந்தையைப் புதைத்த இடத்தை, ஓடையை, கோயிலை, ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி விடைபெற்றார். நான் விளையாட்டாகப் பொத்தானை அழுத்திப் பதிந்துகொண்டேன். ஏறத்தாழ அரைமணி நேரப் பாட்டு.

மறுநாள் ஹாலிஎலை நிலையத்தில் கோச்சி வந்து நின்றது. ஏறியவர்கள் ஏறினார்கள், நின்றவர்கள் நின்றோம். தலைமன்னாரில் கப்பலேறி, இராமேசுவரத்தில் இறங்கி, நீலகிரியில் கூடலூர்ப் பக்கம் மறுபடியும் தேயிலைக்கே போய்ச் சேர்ந்தார்கள் என்று கடிதம் வந்தது.

சில மாதங்கள் சென்றன. ஒருநாள் மாலை வானொலியில் எனக்கு மிகவும் விருப்பமான துள்ளிசைப் பாட்டுகள் வரிசையாக வந்தன. புதிய ஒலிநாடா கைவசம் இல்லை. கையில் அகப்பட்ட நாடாவைச் செருகினேன், பதிந்தேன். அது அத்தையின் நாடா என்பது எனக்குத் தெரியும். 'அத்தை எங்கே போய்விடப் போகிறார், கடிதம் எழுதினால் வேறொரு நாள் பாடித் தருவார்' என்று எண்ணினேன்.

அத்தையை நான் மறுபடி காணவில்லை. மூன்றாம் ஆண்டு வந்த கடிதம் அவருடைய மரணச் செய்தியைத்தான் கொண்டுவந்தது. அவருக்காக ஒப்பாரி வைக்க அங்கே யார் இருந்தார்களோ! அந்த நாடாவை எடுத்து முழுவதும் ஓடவிட்டேன். எங்கேனும் ஓர் ஓரத்தில், இரு பாட்டுகளுக்கு இடையில், அவர் குரலின் ஒரு துளி மிஞ்சியிருக்கலாகாதா என்று காத்திருந்தேன். இல்லை. துள்ளிசை மட்டும் துல்லியமாகக் கேட்டது.

அப்பாட்டுகள் மீது எனக்குக் கோபமில்லை. அவை செய்த பாவம் யாதொன்றும் இல்லை. பாவம் என்னுடையது. வானொலியில் வருவது அருமையானது, வாசற்படியில் வருவது எப்போதும் கிடைப்பது என்று நான் நினைத்தேன். உண்மை நேர்மாறானது. வானொலிப் பாட்டு ஆயிரம் இடங்களில் பத்திரமாக இருந்தது. இன்றும் என் பேரன் விரல் நுனியில் அதை வரவழைக்கிறான். வாசற்படிப் பாட்டு உலகத்திலேயே ஒரே ஓர் இடத்தில்தான் இருந்தது. அந்த இடத்தை நான் அழித்தேன்.

'மறக்க முடியாத பாட்டு' என்று நாம் இலேசாகச் சொல்லிவிடுகிறோம். மறக்க முடியாத பாட்டு என்று ஒன்றும் இல்லை, அன்பர்களே. யாரோ ஒருவர் அக்கறையோடு காப்பாற்றிக் கொடுத்த பாட்டுத்தான் மறக்கப்படாமல் இருக்கிறது. யப்பானிய இளைஞர் தம் பாட்டைத் தாமே பதிந்தார். நித்தி கனகரத்தினம் தம் தமிழில் தாமே பாடினார். வேலுப்பிள்ளை தம் மக்கள் பாடியதைத் தாமே எழுதினார். எவரும் வேறொருவர் வந்து செய்வார் என்று காத்திருக்கவில்லை.

ஆதலால், இதைப் படிக்கும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் கையிலிருக்கும் தொலைபேசி, அன்று என்னிடமிருந்த கருவியைவிடப் பன்மடங்கு ஆற்றல் உள்ளது. அதற்கு நாடா தீர்ந்துபோகும் கவலையும் இல்லை. உங்கள் லயத்திலோ, அடுத்த வீட்டிலோ, எழுபதைத் தாண்டிய ஒரு பாட்டியோ தாத்தாவோ கட்டாயம் இருப்பார். அடுத்த விடுமுறை நாளில் அவர் அருகில் போய் உட்காருங்கள். போனதும் போகாததுமாகப் பாடச் சொல்லாதீர்கள், நாணிக்கொள்வார். வெற்றிலையை இடித்துக் கொடுத்து, பிள்ளைகளை எப்படி உறங்கவைத்தீர்கள் என்று கேளுங்கள், தாலாட்டு வரும். கொழுந்து மலையில் அலுப்புத் தெரியாமலிருக்க என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள், தெம்மாங்கு வரும். காமன் கூத்தில் இரதி என்ன சொல்லி அழுதாள் என்று கேளுங்கள். இரவு முழுவதும் போதாது. ஒப்பாரியை மட்டும் அவராக விரும்பினாலன்றிக் கேளாதீர்கள். அது பாட்டு அல்ல, ஆறாத புண்.

பதிந்த பின், பாடியவர் பெயர், தோட்டம், பிரிவு, தேதி ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். பாட்டின் சொற்களையும் அவர் உச்சரித்தபடியே எழுதுங்கள். இலக்கணம் பார்த்துத் திருத்தாதீர்கள். அவர் சம்மதமின்றி வெளியிடாதீர்கள். ஒன்றுக்கு இரண்டாகப் பிரதி எடுத்து வெவ்வேறு இடங்களில் வையுங்கள். ஒரே பிரதியை வைத்திருப்பவன் படும் பாட்டை நான் சொல்லிவிட்டேன்.

பேருந்து ஹாலிஎலைச் சந்தியில் நின்றது. மழை விடவில்லை. கடை வாசலில் ஒதுங்கி நின்றபோது, இவற்றையெல்லாம் பேரனிடம் சொல்லி முடித்தேன். அவன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அந்தப் பாட்டில் உங்களுக்கு ஒன்றுமே நினைவில்லையா, தாத்தா?" என்று கேட்டான்.

"சொற்கள் போய்விட்டன. இராகம் கொஞ்சம் இருக்கிறது" என்றேன்.

அவன் காதிலிருந்த கருவிகளை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். தொலைபேசியை என் முன் நீட்டிப் பிடித்தான். "இருப்பதைப் பாடுங்கள்" என்றான்.

தேநீர்க் கடைக்காரரும், மழைக்கு ஒதுங்கிய நாலைந்து பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிழவனுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. எனினும் பாடினேன்.